ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வை, தம்பி

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரோட்டை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில் 1974-ல் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தேன். மலையேறும் வண்டிகள் எங்கள் வாசலில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போகும்; இறங்கிய வண்டிகள் பிரேக் நாற்றத்தோடு வந்து நிற்கும். அம்பாசடர், ஃபியட், ஸ்டேண்டர்டு ஹெரால்டு என்று அன்றைக்கு என் கைக்கு வந்தவை எல்லாமே கார்புரேட்டர் வண்டிகள். நடுவில் ஒரு இருபது வருஷம் அவை கண்ணில் படவில்லை. இப்போது திரும்ப வருகின்றன. தாத்தாவின் காரைப் பேரன் கொட்டகையிலிருந்து இழுத்துத் தூசி தட்டி ஆசையாகக் கொண்டுவருகிறான்.

பெரும்பாலும் ஒரே புகார்தான்: “ஓட்டினா நல்லாத்தான் போகுதுங்கண்ணா. நின்னா நடுங்குது, ஆஃப் ஆயிருது.” கம்ப்யூட்டரைச் சொருகிக் கோளாறு பார்த்துப் பழகிய பையன் இந்த வண்டியில் சொருக இடம் தேடி ஏமாந்து, கடைசியில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கார்புரேட்டரைத் திருக ஆரம்பிக்கிறான். அந்தப் பையனுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. ஐடிலிங் என்பது ஸ்லோ சைக்கிள் ரேஸ்

பொங்கல் விளையாட்டில் பார்த்திருப்பாய். வேகமாக மிதிக்கும்போது எவனுடைய கோணலும் தெரியாது. மெதுவாக ஓட்டச் சொன்னதும் ஒவ்வொருவனாகக் காலை ஊன்றுகிறான். இன்ஜினும் அப்படித்தான். ஐடிலில் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். நிமிஷத்துக்கு 600, 700 சுற்றுதான். தன்னைத் தானே சுழற்றிக்கொள்ளும் அளவுக்குத்தான் அதற்குப் பலம் உண்டு, மிச்சம் கிடையாது. ரோட்டில் 50-ல் போகும்போது ஒரு சிலிண்டர் அரை மனதாக வேலை செய்தாலும் மற்ற மூன்றும் ஃப்ளைவீலும் சேர்ந்து அதை மூடி மறைத்துவிடும். ஐடிலில் மறைக்க ஆளில்லை.

வால்வு, பிளக், பாயிண்ட், கேஸ்கட், ஹோஸ், ஜெட், எங்கே குறை இருந்தாலும் வெளியே தெரிவது அதே நடுக்கம்தான். நடுங்குகிறது என்றதும் கார்புரேட்டரைப் பிடிப்பது, வயிறு வலிக்கிறது என்றதும் காலையில் தின்ற இட்லியைத் திட்டுவது போல.

2. ஸ்க்ரூவைத் திருகினால் சரியாகிவிடும், அதுதான் ஆபத்து

இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள். எங்கோ ஒரு ஹோஸ் வெடித்துத் திருட்டுக் காற்று உள்ளே போகிறது என்று வை. நீ மிக்ஸர் ஸ்க்ரூவை முக்கால் சுற்றுத் திறந்து பெட்ரோலைக் கூட்டுகிறாய். நடுக்கம் குறைகிறது. வண்டிக்காரருக்குச் சந்தோஷம், உனக்கும் சந்தோஷம். ஆனால் ஹோஸ் வெடித்தபடியே இருக்கிறது. அந்தக் காற்றை விழுங்கும் சிலிண்டருக்குக் கணக்கு சரி, மற்றவற்றுக்கு பெட்ரோல் அதிகம். இரண்டு மாதத்தில் பிளக்கில் கரி படிகிறது, மைலேஜ் இறங்குகிறது, எரியாத பெட்ரோல் சுவர் வழியே இறங்கி ஆயிலை நீர்க்க வைக்கிறது. அடுத்த பட்டறைக்காரன் பார்க்கும்போது ஒரு கோளாறு இரண்டாகியிருக்கும்.

அதனால் வரிசையை மாற்றாதே. முதலில் சிலிண்டரின் அமுக்கம். அடுத்து பொறி. அடுத்து திருட்டுக் காற்று. அடுத்து பெட்ரோல். இவை நான்கும் தேறிய பிறகுதான் ஸ்க்ரூ.

3. தொடுவதற்கு முன் எழுதி வை

சேர்ந்த முதல் மாதம். மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தார். நின்றிருந்த ஃபியட்டில் ஒரு ஸ்க்ரூவை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் திருகினேன். அடுத்ததையும் திருகினேன். டிஸ்ட்ரிபியூட்டரையும் லேசாக அசைத்தேன். வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை. மேஸ்திரி வந்து பார்த்தார், அடிக்கவில்லை. “மொதல்ல எங்க இருந்துச்சுன்னு காட்டு” என்றார். காட்ட முடியவில்லை. அன்று மாலை வரை அவர் சரிசெய்ய, நான் டார்ச் பிடித்தேன். அந்த டார்ச்சின் கனம் இன்னும் கையில் இருக்கிறது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன் அது அடியில் உட்கார எத்தனை சுற்று என்று எண்ணி எழுது. டிஸ்ட்ரிபியூட்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே சாக்பீஸால் ஒரு கோடு போடு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றி பலன் இல்லையென்றால் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போ.

4. வண்டிக்காரரைப் பேசவிடு

எப்போது நடுங்குகிறது? காலையில் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா? மழையிலா? பெட்ரோல் போட்ட பிறகா? கடைசியாக என்ன வேலை பார்த்தீர்கள்? இந்த ஐந்து கேள்விக்குள் பாதி வேலை முடிந்துவிடும். குளிரில் மட்டும் என்றால் சோக், டேப்பட், கலவையில் பெட்ரோல் குறைவு ஆகியவற்றைப் பார். சூடான பிறகு மட்டும் என்றால் காயில், பெட்ரோல் கொதிப்பு, அல்லது முழுதாகத் திறக்காத சோக். மழையிலும் குன்னூர் பனியிலும் மட்டும் என்றால் நேராக டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குப் போ. “போன வாரம் ஹெட் இறக்கி மாட்டினாங்க” என்று சொன்னால் மேனிஃபோல்ட் நட்டில் ஸ்பேனரை வை.

5. ஆடுவது இன்ஜினா, வண்டியா?

பானெட்டைத் திறந்து ஐடிலில் இன்ஜினைப் பார். சத்தம் சீராக இருந்து, ஸ்டீயரிங்கும் கண்ணாடியும் மட்டும் அதிர்ந்தால் குற்றவாளி மவுண்டிங் ரப்பர். ஐம்பது வருஷம் ஆயில் குடித்த ரப்பர் பழைய அல்வா மாதிரி ஆகியிருக்கும். சைலன்சர் பைப் பாடியில் இடித்தாலும் இதே அதிர்வு வரும். இன்னொன்று: மாருதி 800-க்கு மூன்று சிலிண்டர். நான்கு சிலிண்டர் வண்டியின் அமைதியை அதனிடம் எதிர்பார்த்து அரை நாளைத் தொலைக்காதே. புல்லட்டுக்கு ஒன்றே ஒன்று. அது ஆடத்தான் செய்யும். சீராக ஆடுகிறதா என்பதுதான் கேள்வி.

6. ஒருவனா, நால்வருமா?

இதுதான் பெரிய பிரிவினை. ஒரு சிலிண்டர் மட்டும் சோம்பினால் கோளாறு அந்த வீட்டுக்குள்: அதன் பிளக், அதன் வயர், அதன் வால்வு. நான்கும் சேர்ந்து தடுமாறினால் கோளாறு பொதுவான இடத்தில்: டைமிங், பாயிண்ட், கார்புரேட்டர்.

கண்டுபிடிக்கும் வழி பழசுதான். ஐடிலில் ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்று. நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் இன்ஜின் குரல் இறங்கும். எதைக் கழற்றும்போது குரல் மாறவில்லையோ அவன்தான் தூங்குகிறவன். ரப்பர் பிடி போட்ட இடுக்கியால் பிடி, கழற்றிய முனையை உடனே பாடியில் தொட வை. பிற்பாடு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டிய வண்டியில் இந்த விளையாட்டு வேண்டாம், மாட்யூல் போய்விடும்.

இன்னொரு வழி: குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷம் கழித்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஒவ்வொரு கிளையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடு. சுர்ரென்று ஆவியாகாத கிளைக்குரிய சிலிண்டர் எரியவில்லை. அம்பாசடரில் மட்டும் ஏமாந்துவிடாதே. அந்த 1489 சிசி இன்ஜினில் நான்கு சிலிண்டருக்கு எக்ஸாஸ்ட் வாய் மூன்றுதான். நடுவில் இருப்பது இரண்டுக்கும் மூன்றுக்கும் பொது. ஒன்று தூங்கினாலும் மற்றொன்றின் சூட்டில் சொட்டு ஆவியாகிவிடும். முதலாவதுக்கும் நாலாவதுக்கும் மட்டுமே தண்ணீர் உண்மை சொல்லும்.

7. சைலன்சர் வாயில் ஒரு பஸ் டிக்கெட்

காசில்லாத சோதனை இது. ஐடிலில் ஓடும்போது சைலன்சர் குழாய் முனையில் ஒரு பழைய பஸ் டிக்கெட்டைத் தொங்கவிட்டுப் பிடி. காகிதம் சீராக வெளிப்பக்கம் படபடத்தால் நல்லது. ஒழுங்கான இடைவெளியில் தட்டுத் தட்டாக விட்டால் ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங். நடுநடுவே காகிதம் குழாயை நோக்கி உள்ளே இழுபட்டால் எக்ஸாஸ்ட் வால்வு கருகி, சரியாக உட்காரவில்லை என்று சந்தேகப்படு.

சந்தேகம் வந்தால் கம்ப்ரஷன் கேஜ் வை. நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்து, செல்ஃப் அடி. எண் எவ்வளவு என்பதைவிட நான்குக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைப் பார். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 15 சதத்துக்கு மேல் குறைந்தால் அந்த ஓட்டையில் ஒரு கரண்டி இன்ஜின் ஆயில் விட்டுத் திரும்ப அடி. எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். இந்த மூன்றில் எதையும் உலகத்தின் எந்தக் கார்புரேட்டரும் சரிசெய்யாது.

8. சத்தம் போடாத டேப்பட்டுக்குப் பயப்படு

டிக் டிக் என்று சத்தம் போடும் டேப்பட் ஒரு மாதம் பொறுக்கும். இடைவெளியே இல்லாமல் அமைதியாக இருக்கும் டேப்பட்தான் வால்வைக் கொல்லும். வால்வு முழுதாக மூடாது. சூடான புகை ஓரத்தில் பீறிட்டு அதை அரித்துவிடும்.

பழைய வண்டிகளில் இது ஏன் அதிகம் தெரியுமா? 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல்தான். காற்றுக்கும் நம் நெஞ்சுக்கும் நல்லது. ஆனால் அதற்கு முன் செய்த வார்ப்பிரும்பு ஹெட்டுகளில் வால்வு உட்காரும் இடத்துக்கு அந்த ஈயம்தான் மெத்தையாக இருந்தது. மெத்தை போனதும், வண்டியை விரட்டி ஓட்டினால் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்டுக்குள் புதைகிறது. புதையப் புதைய டேப்பட் இடைவெளி குறைகிறது. கடினமான சீட் மாற்றாத ஹெட் என்றால் அடிக்கடி ஃபீலர் கேஜ் போட்டுப் பார்.

அம்பாசடருக்கு 15 தௌ, அதாவது ஆயிரத்தில் 15 பங்கு அங்குலம். எட்டு வால்வு. எதைப் பார்ப்பது என்று குழம்பாமல் இருக்க ஒன்பது கணக்கு உண்டு. எட்டாவது வால்வு முழுதாக அழுந்தித் திறந்திருக்கும்போது முதலாவதைப் பார். ஏழாவது திறந்திருந்தால் இரண்டாவது. கூட்டினால் எப்போதும் ஒன்பது.

9. இருட்டில் பானெட்டைத் திற

பொறியைப் பகலில் தேடாதே. இரவில் பட்டறை விளக்கை அணைத்துவிட்டு, ஓடும் இன்ஜினைப் பார். நல்ல வண்டியில் ஒன்றும் தெரியாது. வயர் வெடித்திருந்தால் நீலப் பொறி உடும்பு நாக்கு மாதிரி நீட்டி மடக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்பக்கம் பார். பென்சிலால் கிறுக்கியது போல மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் அது விரிசல்; கரண்ட் அந்த வழியாகத் திருட்டுப் போகிறது. துடைத்துப் பயனில்லை, மூடியை மாற்று.

பாயிண்ட் இடைவெளியும் அம்பாசடரில் 15 தௌ பக்கம்தான். பாயிண்ட்டின் காலடி தேயத் தேய இடைவெளி குறையும். அதோடு டைமிங்கும் பின்னுக்குப் போகும். எனவே பாயிண்ட்டை வைத்த பிறகே டைமிங் பார். தலைகீழாகச் செய்தால் இரண்டு தடவை செய்ய வேண்டும். புதுப் பாயிண்ட் சீக்கிரமே கருகினால் கண்டன்சரைப் பார். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டு. ஆடினால் புஷ் போய்விட்டது. நீ எவ்வளவு துல்லியமாக இடைவெளி வைத்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் அது மாறிக்கொண்டே இருக்கும்.

பிளக்குகளைக் கழற்றியதும் வரிசை மாறாமல் பனியன் வேஸ்ட் மேல் அடுக்கு. டிகாஷன் பழுப்பு என்றால் நலம். உலர்ந்த கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம். ஈரப் பசையான கறுப்பு என்றால் ஆயில். சுண்ணாம்பு வெள்ளை என்றால் பெட்ரோல் குறைவு அல்லது சூடு அதிகம். நிறத்தைவிட ஒன்றிலிருந்து ஒன்று எப்படி மாறுகிறது என்று பார். மூன்று ஒரு சாதி, நாலாவது மட்டும் வேறு சாதி என்றால் ஆறாம் அறிவுரைக்குத் திரும்பு.

10. திருட்டுக் காற்றைத் தண்ணீரால் பிடி

ஏர் கிளீனரைக் கழற்று. சூடான இன்ஜின் ஐடிலில் ஓடும்போது கார்புரேட்டர் வாயை ஒரு தடித்த அட்டையால் பாதி மூடு. நடுக்கம் குறைந்து குரல் தேறினால் கலவையில் பெட்ரோல் குறைவு: திருட்டுக் காற்று, அல்லது அடைத்த ஜெட். இன்னும் மோசமாகிக் கறும்புகை விட்டால் பெட்ரோல் அதிகம்: ஒட்டிய சோக், அழுக்கு ஃபில்டர், அல்லது ஃப்ளோட். கார்புரேட்டரைத் திறக்காமலே ஊரை இரண்டாகப் பிரித்துவிட்டாய்.

காற்று எங்கே நுழைகிறது என்று பார்க்க, தண்ணீர் பாட்டில் மூடியில் ஊசித் துளை போட்டு மெல்லிய தாரையாக மேனிஃபோல்ட் இணைப்புகளிலும் கார்புரேட்டர் அடியிலும் விடு. ஓட்டை இருக்கும் இடத்தைத் தண்ணீர் நொடிப் பொழுது அடைக்கும்போது இன்ஜின் குரல் சட்டென்று மாறும். இதை இன்ஜின் இளஞ்சூட்டில் இருக்கும்போதே செய். அம்பாசடரில் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். கொதிக்கும் வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் விரிசல் விடும்.

சிலர் தண்ணீருக்குப் பதில் பெட்ரோல் விடுவார்கள். நானும் ஒரு தடவை விட்டேன். என் இடது புருவம் பாதியில் நிற்பதை நீ பார்த்திருக்கிறாய். மேலே சொல்ல வேண்டியதில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் மூன்று. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சின்ன வேக்குவம் குழாய். த்ராட்டில் ஸ்பிண்டில், அதன் இரு முனையிலும் ஒரு சொட்டுக் கெட்டி ஆயில் விட்டதும் ஐடில் மாறினால் தேய்ந்திருக்கிறது. மூன்றாவது, பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ். கோத்தகிரியிலிருந்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் அம்பாசடர் கொண்டுவந்தார். வேறொரு ஊர்ப் பட்டறையில் இரண்டு தடவை கார்புரேட்டர் மாற்றியிருந்தார்கள். நடுக்கம் போகவில்லை. அட்டையால் வாயை மூடினேன், குரல் தேறியது. தண்ணீர் விட்டேன், ஒன்றும் மாறவில்லை. பூஸ்டர் ஹோஸை விரலால் நசுக்கினேன். இன்ஜின் ஜம்மென்று சீராக ஓடியது. ஹோஸின் அடிப்பக்கம், மேலே இருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், ஒரு விரற்கடை நீளத்துக்கு வெடிப்பு. கண்ணால் பார்க்க முடியாததை விரலால் பார். ஹோஸை முழுச்சுற்றும் தடவாமல் நல்லது என்று சொல்லாதே.

11. ஜெட்டில் குண்டூசி விடாதே

ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் ஓடுகிறது, விட்டால் உடனே செத்துப்போகிறது என்றால் ஸ்லோ ஜெட் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். சோலெக்ஸ் கார்புரேட்டர் ஜெட்டில் 50 என்று எண் இருந்தால் துளை அரை மில்லிமீட்டர். குண்டூசி அதைவிடத் தடிமன், பித்தளையோ மெத்தென்றது. ஒரு குத்தில் 50 ஜெட் 60 ஆகிவிடும், எண் மட்டும் 50 என்றே இருக்கும். அடுத்து வருகிறவன் ஜென்மத்துக்கும் கண்டுபிடிக்க மாட்டான். பெட்ரோலில் ஊற வை, காற்றடி, வெளிச்சத்தில் பிடித்துப் பார். அதற்கும் அசையாவிட்டால் மெல்லிய தூண்டில் நரம்பு.

மாருதி 800 கார்புரேட்டர்களில் ஐடில் பெட்ரோலைத் திறந்து மூட ஒரு சொலினாய்டு உண்டு. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று கேட்க வேண்டும். கேட்கவில்லையா, ஜெட்டைத் தேடுவதற்கு முன் அதன் வயரைத் தேடு.

பெட்ரோல் வழிகிறது, நாற்றம் அடிக்கிறது என்றால் ஃப்ளோட்டைக் கழற்றிக் காதருகே ஆட்டு. உள்ளே சலசலத்தால் ஓட்டை. வெந்நீரில் முக்கினால் குமிழி வரும் இடம்தான் அது. பெட்ரோல் முழுதும் வெளியேறாமல் பற்றவைப்பு இரும்பைக் கிட்டக் கொண்டுபோகாதே.

இப்போது பங்க்கில் வருவது எத்தனால் கலந்தது. 20 சதம் வரை உண்டு. சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். அதனால் பழைய ஜெட்டுக்கு இந்தப் பெட்ரோல் கொஞ்சம் நீர்த்த கலவையாகத் தெரியும். மேலும் எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும். பழைய ரப்பர் குழாய் ஊறிக் கரைந்து ஜெட்டை அடைக்கும். நின்றிருந்த வண்டி வந்தால் முதல் வேலை டேங்கிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பெட்ரோல் பிடித்து வெயிலில் வைத்துப் பார்ப்பது. அடியில் தனியாக ஒரு அடுக்கு தெரிந்தால் டேங்கைக் காலி செய்.

12. இப்போது ஸ்க்ரூ டிரைவரை எடு

இது எந்தக் கார்புரேட்டர் என்று முதலில் கேள். சோலெக்ஸில் மிக்ஸர் ஸ்க்ரூவை வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். புல்லட்டின் பழைய கார்புரேட்டரில் இருப்பது ஏர் ஸ்க்ரூ. வெளியே திருப்பினால் காற்று கூடும், பெட்ரோல் குறையும். அம்பாசடரில் எஸ்.யு. வந்திருந்தால் ஸ்க்ரூவே கிடையாது, அடியில் ஜெட் நட்டு. கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும். மூன்றையும் ஒரே மாதிரி நினைத்தவன் மூன்றையும் கெடுப்பான்.

இன்ஜின் முழுச் சூட்டில் இருக்க வேண்டும். சோலெக்ஸில் ஸ்க்ரூவை மெதுவாக அடியில் உட்கார வை. இறுக்காதே, இறுக்கினால் அதன் கூர்முனையில் பள்ளம் விழும், பிறகு அது எந்தச் சொல்லும் கேட்காது. அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஸ்டார்ட் பண்ணு. கால் சுற்று, கால் சுற்றாக உள்ளே கொண்டுபோ. குரல் தடுமாறும் இடம் வரும். வெளியே கொண்டுவா, குரல் கனத்துக் குழறும் இடம் வரும். இரண்டுக்கும் நடுவில் மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தில் விடு. பிறகு த்ராட்டில் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறை. மறுபடி மிக்ஸர். ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் பத்து வரை எண்ணு. இன்ஜின் பதில் சொல்ல நேரம் எடுக்கும்.

எஸ்.யு.-வில் முதலில் பிஸ்டனை விரலால் தூக்கி விடு. ‘டொக்’ என்று விழ வேண்டும். தயங்கி இறங்கினால் அழுக்கு, அல்லது ஜெட் நடுவில் இல்லை. பிறகு ஐடிலில் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கு. வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் சாகப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. நொடி நேரம் லேசாக ஏறி இறங்கினால் கையை எடு, அதுதான் இடம்.

எத்தனை திருகினாலும் நல்ல இடம் வரவில்லையென்றால் ஸ்க்ரூ உன்னிடம் ஒன்று சொல்கிறது: முந்தைய நான்கில் எதையோ விட்டுவிட்டாய். திரும்பிப் போ.

13. மலைக்கு ஒரு கணக்கு, ஊருக்கு ஒரு கணக்கு

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்று கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது. கீழே அருமையாக ட்யூன் செய்த வண்டி மேலே போனதும் பெட்ரோல் அதிகமாகிக் குழறும், ஐடிலும் இறங்கும். அங்கேயே திருகிக்கொண்டு கீழே வந்தால் பெட்ரோல் போதாமல் நடுங்கும். வண்டி எந்த ஊரில் வாழ்கிறதோ அந்த ஊருக்கு வை. சுற்றுலாவுக்குப் போகிறவரிடம் “மேலே கொஞ்சம் முணுமுணுக்கும், தொடாதீங்க” என்று சொல்லி அனுப்பு.

சித்திரை வெயிலில் மலையேறி நின்ற வண்டி ஐந்து நிமிஷம் நடுங்கினால் அது பெட்ரோல் குழாயில் ஆவி கட்டியது. பழைய டாக்ஸிக்காரர்கள் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டார்களே, அது சும்மா இல்லை. ஆறவிடு, ஆறியதும் போய்விடும் கோளாறுக்கு ஸ்பேனர் தேவையில்லை.

14. உயிர் முதலில்

ஷட்டரை மூடிக்கொண்டு ஐடில் பார்க்காதே. சைலன்சர் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கைக்காப்பையும் மோதிரத்தையும் கழற்று. லுங்கி கட்டிக்கொண்டு ஃபேன் பெல்ட் பக்கம் குனியாதே. பக்கத்தில் ஒரு வாளி மணல் எப்போதும் இருக்கட்டும்.

15. டிக்கியில் என்ன இருக்கிறது என்று பார்

வேலை முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிடாதே. பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, சூடாகத் திரும்பி, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஐந்து நிமிஷம் ஐடிலில் விடு. அதிலும் சீராக ஓடினால்தான் வேலை முடிந்தது. கழற்றிய பொருளை, கெட்டதோ நல்லதோ, வண்டிக்காரரிடம் கொடு. எதற்காக மாற்றினாய் என்று அவருக்குப் புரியும்படி சொல்ல முடியவில்லையென்றால், உனக்கே புரியவில்லை என்று அர்த்தம்.

கோத்தகிரி வாத்தியாரிடம் ஹோஸுக்கும் அரை மணி நேரக் கூலிக்கும்தான் காசு வாங்கினேன். புதுக் கார்புரேட்டரில் ஜெட் அந்த இன்ஜினுக்குப் பொருந்தவில்லை. கொஞ்சம் குழறிக்கொண்டே இருந்தது. “பழசு எங்கீங்க சார்?” என்று கேட்டேன். டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், தினத்தாளில் சுற்றி, சணல் போட்டுக் கட்டி வைத்திருந்தார். தூக்கிப்போட மனசு வரவில்லையாம். பிரித்துப் பார்த்தேன். ஜெட்டில் அழுக்குகூட இல்லை. திரும்ப மாட்டினேன். மிக்ஸர் ஸ்க்ரூ எத்தனை சுற்றில் இருந்ததோ அத்தனையிலேயே விட்டேன். முதல் செல்ஃபில் எடுத்து, அப்படியே நின்று ஓடியது.

அன்றைக்கு ஸ்க்ரூ டிரைவரை நான் எடுத்தது ஹோஸ் கிளிப்பை இறுக்க மட்டும்தான்.